தௌலா குவான் வரைக்கும்

தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கரைத்த மாவு, சூடேறிய அச்சிலிருந்து கழன்று எண்ணெய்க்குள் விழுகிற சத்தமும் அதன் வாசனையும் சனிக்கிழமை காலையில் படுக்கை வரைக்கும் வந்து எழுப்பினால், கிட்வாய் நகரில் எங்கள் அரசாங்கக் குடியிருப்பின் இரண்டாம் மாடி வீட்டில் மறுபடியும் யுத்தம் தொடங்கிவிட்டது என்று பொருள். மற்ற கிறிஸ்தவ வீடுகளில் 'அச்சு முறுக்கு' கிறிஸ்துமஸுக்குத்தான் சுடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு வருஷம் மட்டும் மாதாமாதம் சுட்டோம். யாருக்காகச் சுட்டோமோ அவருக்குக் கொடுக்காமல், பஸ் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து நாங்களே தின்றோம்.

எழுபதுகளின் கடைசி அது. அப்பாவுக்கு ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தா வேலை. அந்தக் கோடையில், ஜன்னலுக்குத் தண்ணீர் தெளித்த தட்டி கட்டியும் அனல் காற்று அடங்காத நாட்களில், அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்த என் தம்பி சாமுவேலுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அம்மா அவனைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், வெறும் துணியோடு திரும்பி வந்தாள். அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, ஜனக்புரியிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த அக்கா, அழுத கண்ணோடு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்:

"தலையில கைய வச்சு ஜெபம் பண்ணாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுன பாத்தியா, அங்கதான் தோத்துப் போனோம். ஒன் அவிசுவாசம்தான் பிள்ளைய கொண்டுட்டுப் போச்சு."

அம்மா அப்போது யாருக்கோ கொடுக்கத் தண்ணீர் டம்ளர் வைத்திருந்தாள். அதைத் தரையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனவள், எல்லாரும் கிளம்பிப் போகும் வரைக்கும் வெளியே வரவில்லை. அத்தை கெட்டவள் இல்லை. சாமுவேல் என்று பேர் வைத்தவளே அவள்தான். அம்மாவின் மூன்று பேறுகாலத்தையும் தன் வீட்டில் வைத்துப் பார்த்தவளும் அவள்தான். ஜெபக்கூட்டம் நடத்துகிறவள். அத்தை ஜெபிக்க ஆரம்பித்தால் அடுப்பில் வைத்த பால் பொங்கி, வழிந்து, ஆறியும்விடும் என்பார் அப்பா. அப்படிப்பட்டவள் துக்கத்தில் ஒரு வார்த்தையை எடுத்து வீசிவிட்டாள், அது போய் நிற்க வேண்டாத இடத்தில் போய் நின்றுவிட்டது.

எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கோயில் கிடையாது. ஆங்கில ஆராதனைக்காரர்கள் எழுந்து போனபிறகு அதே ஆலயத்தில் நாங்கள் கூடுவோம். மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. அப்பமும் திராட்சரசமும் வாங்க வரிசை வரிசையாக எழுந்து போய்ப் பீடத்தின் முன் முழங்காலில் நிற்பதை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் 'பந்திக்குப் போவது' என்போம். யார்மேலாவது மனத்தாங்கல் வைத்துக்கொண்டு பந்திக்குப் போகக் கூடாது என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சட்டம். முதலில் போய் ஒப்புரவாகு, பிறகு வந்து கை நீட்டு. பெரும்பாலோர் இந்தச் சட்டத்தை இருமலோடு இருமலாக விழுங்கிவிட்டுப் போய் வாங்கிக்கொள்வார்கள். அம்மாவுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. தம்பி போன அடுத்த மாதம், எங்கள் வரிசை எழுந்தபோது, அவள் மட்டும் முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்தே இருந்தாள். பக்கத்துப் பெஞ்சுகளிலிருந்து தலைகள் திரும்பின. அப்பா பீடம் வரைக்கும் போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். எனக்கோ பெஞ்சுக்கு அடியில் ஒரு பள்ளம் இருந்தால் இறங்கிவிடலாம் போல் இருந்தது. அம்மா ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டாள் என்றுதானே பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்?

போதகர் வீட்டுக்கு வந்தார். எங்கள் வழக்கத்தில் அவரை 'ஐயர்' என்போம். மன்னித்துவிடுங்கள் அம்மா, மன்னிப்பது கட்டளை என்றார். அம்மா அவருக்கு டீயை வைத்துவிட்டு, "சட்டியில இருந்தாத்தான ஐயரே அகப்பையில வரும்? எனக்குள்ள இல்லையே, எங்க இருந்து அள்ளிக் குடுக்க?" என்று கேட்டாள். ஐயர் டீயைக் குடித்தார். அடுத்த ஞாயிறு, எகிப்தியர் படை பின்னால் துரத்திவர, கடலுக்கு முன்னால் திகைத்து நின்ற இஸ்ரவேலரைப் பற்றிப் பிரசங்கித்தார்; யுத்தம் கர்த்தருடையது, நீங்கள் சும்மா நின்று பார்த்தால் போதும் என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவுக்கு அதே ஆத்திரம். "சும்மா நிக்கணுமாம். பிள்ளையப் பறிகுடுத்தவ எப்படிச் சும்மா நிப்பா?"

உண்மையில் அம்மாவால் அந்த மாதங்களில் ஓரிடத்தில் நிற்கவே முடியவில்லை. மடித்த துணியை உதறி மறுபடி மடிப்பாள். துடைத்த அலமாரியைத் துடைப்பாள். மொட்டை மாடியில் காயப்போட்ட வற்றலைப் பார்க்கப் போனவள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் இறங்கி வருவாள். அடுப்படியில் கரண்டியும் கையுமாக நின்றபடியே ஜெபிப்பாள். "பெலன் தாரும், மன்னிக்கப் பெலன் தாரும்" என்று தொடங்கும் அந்த ஜெபம் பாதியில் அத்தையோடு வாக்குவாதமாக மாறிவிடும். அவளோடு சேர்ந்து வீடே நிலைகொள்ளாமல் அலைந்தது. பள்ளிக்கூடத்தில் கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு, இந்த மாதம் அம்மா பந்திக்குப் போவாளா மாட்டாளா என்ற யோசனையில் விடை தப்பிவிடும்.

இப்படியாகத்தான் அந்தச் சனிக்கிழமைகள் வந்தன. நற்கருணைக்கு முந்தின நாள் காலையில் அம்மா அச்சு முறுக்கு சுட்டு, ரோஜாப் பூப் படம் போட்ட பிஸ்கட் டின்னில் அடுக்கி, நல்ல சேலை உடுத்தி, "ஏட்டி, வா, அத்தை வீட்டுக்குப் போய் ஒரு வார்த்த பேசிட்டு வந்துருவோம்" என்று என்னை இழுத்துக்கொண்டு கிளம்புவாள். டின் என் மடியில். ரிங் ரோடு பஸ்ஸில் தௌலா குவான் வரைக்கும் தைரியமாகத்தான் இருப்பாள். அங்கே இறங்கி ஜனக்புரி பஸ்ஸுக்கு மாற வேண்டும். நாலா பக்கமும் சாலைகள் பிரிந்து போகிற அந்தப் பெரிய வட்டத்தில் இறங்கியதும்தான் அவளுக்குக் கால் கனக்கும்.

பஸ் வரும். "இதுல கூட்டமா இருக்குட்டி." அடுத்தது வரும். "இந்தக் கண்டக்டர் மூஞ்சியே சரியில்ல." அதற்கடுத்தது காலியாகவே வரும், கண்டக்டரும் சிரித்த முகமாக "ஆவோ பெஹன்ஜி, ஜல்தி" என்று சீக்கிரம் ஏறச் சொல்வான். அம்மா அந்தப் பஸ்ஸை வெறித்துப் பார்த்துக்கொண்டே நிற்பாள், அது போய்விடும். பிறகு என் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்து நிறுத்தத்துக்கு வந்துவிடுவாள். மாடிப்படியில் எங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் அண்ணன் ஓடிவந்து டின்னைப் பிடுங்கிக்கொள்வான். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அம்மா பந்திக்குப் போக வேண்டுமென்று ஜெபித்தால், இவன் ஒருவன் எதிர்ஜெபம் செய்திருப்பான் என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் உண்டு. அப்பா ஒரு முறுக்கை எடுத்து ஒடித்துக்கொண்டே, "என்ன, இந்த மாசமும் தௌலா குவான் வரைக்கும்தானா?" என்பார். கேலிதான், ஆனால் முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருப்பார். அவருக்கு ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் பெண்டாட்டி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸ் மாதத்து முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, பகலிலும் பனிமூட்டம் கலையாத ஒரு நாள். தௌலா குவானில் எங்கள் வாயிலிருந்து புகை புகையாக வந்தது. அன்றைக்கு அம்மா எந்தச் சாக்கும் சொல்லவில்லை. பஸ்களைப் பார்க்கவும் இல்லை. சால்வையை இழுத்துத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்கும்படியாக, "ஆண்டவரே, என்னால முடியல. நான் மன்னிச்சிட்டேன்னு பொய் சொல்லவும் மாட்டேன். சட்டி காலியா இருக்கு. நீரே கொண்டு போனாப் போறேன், இல்லன்னா இப்படியே வீட்டுக்குப் போறேன்" என்றாள். அவ்வளவு மாதமாக 'பெலன் தாரும்' என்று கேட்டவள், அன்றைக்குத்தான் தனக்குப் பெலன் இல்லை என்று ஒப்புக்கொண்டாள்.

அவள் கண்ணைத் திறப்பதற்குள் ஜனக்புரி பஸ் வந்து நின்றது. குளிரில் நெடுநேரம் காத்திருந்த கூட்டம் பின்வாசலை நோக்கிப் பாய்ந்தது. எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு போர்வைக்காரர் புகுந்தார், அவருக்குப் பின்னால் ஒரு மூட்டை, மூட்டைக்குப் பின்னால் இன்னும் பலர். என் கால் தரையில் பட்டதாகவே நினைவில்லை, டின்னை மார்போடு அணைத்தபடி பஸ்ஸுக்குள் கிடந்தேன். "ஆகே படோ, ஆகே படோ" என்று முன்னால் நகரச் சொல்லிக் கண்டக்டர் கத்த, பஸ் நகர ஆரம்பித்தது. "ஏட்டி! மேரி பச்சி! அரே ரோக்கோ பையா!" என்று, என் பிள்ளை உள்ளே, பஸ்ஸை நிறுத்து என அம்மா போட்ட கூச்சலை இன்றைக்கும் மறக்க முடியாது. அவள் ஓடினாள். யாரோ ஒருவர் வாசலில் தொங்கியபடி கை நீட்டினார். அம்மா ஏறிவிட்டாள். என்னைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பிள்ளையை விட்டவள் இன்னொன்றையும் விடப் பார்த்தேனே என்று அந்த நெரிசலில் வாய்விட்டு அழுதாள். சுற்றி நின்றவர்களுக்கு மொழி புரியவில்லை, ஆனாலும் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

அத்தை கதவைத் திறந்தபோது எங்களை எதிர்பார்க்கவில்லை. அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்:

"மைனி, நீங்க சொன்னது இன்னும் எனக்கு வலிக்கு. மன்னிக்கணும்னு மாசாமாசம் பாதி வழி வந்துட்டுத் திரும்பிப் போறேன். என்னால முடியல. நீங்க பெரிய ஜெபக்காரி. நான் ஒங்கள மன்னிக்கணும்னு நீங்களே எனக்காக ஜெபம் பண்ணுங்க."

அத்தை அம்மாவின் தலைமேல் கையை வைத்தாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று தொடங்கினாள். பிறகு, "எங்க சாமுவேலு..." என்றாள். அவ்வளவு நீள ஜெபக்காரிக்கு அந்தப் பெயரைத் தாண்டிப் போக வழி தெரியவில்லை. அம்மாவின் தலையிலிருந்த கை தோளுக்கு இறங்கியது. "நான் வாயக் குடுத்திருக்கக் கூடாது எஸ்தர்" என்று மட்டும் சொன்னாள். நடுவாசலில் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு அவர்கள் அழுத அழுகையில் நானும் பயந்து சேர்ந்து அழுதேன். கடைசியில் 'ஆமென்' சொன்னது அம்மாதான்.

கொண்டுவந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அத்தை வீட்டில் அன்றைக்குப் பலகாரம் ஒன்றும் இல்லை. டின் நிறையச் சீனியைக் கொட்டிக் கொடுத்தாள். சாயங்காலம் மாடிப்படியில் ஓடிவந்து டின்னைப் பிடுங்கிய அண்ணன் மூடியைத் திறந்து, "சீனி!" என்று அலறினான். அப்பா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி ஜன்னலருகே போய் நின்றார். மறுநாள் எங்கள் வரிசை எழுந்தபோது அம்மாவும் எழுந்தாள்.

எல்லாம் அன்றோடு சுபம் என்று எழுத ஆசைதான். ஆனால் அம்மாவுக்கு அந்த வார்த்தை சில மாதங்களில் திரும்ப வந்து வலிக்கும். அப்போதெல்லாம் கரண்டியும் கையுமாக நின்று, "திரும்பக் காலியாயிட்டு ஆண்டவரே" என்பாள். ஊற்றுகிறவர் இருக்கும்போது காலிச் சட்டியைக் காட்ட என்ன வெட்கம் என்பது அவள் கட்சி. அந்தப் பஸ்ஸில் என்னைத் தூக்கிப் போட்டவர் கர்த்தர் என்று அவள் சாதிப்பாள். "டெல்லிக் கூட்டம் தள்ளிச்சு, பழிய ஆண்டவர் மேல போடுதா" என்று அப்பா சிரிப்பார். இருவருமே கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது அப்பா இல்லை, அத்தை இல்லை. என்னோடு இருந்த அம்மாவும் போன வருஷம் போய்விட்டாள். கிட்வாய் நகரின் அந்த மஞ்சள் வீடுகளை இடித்து, கழுத்தை வளைத்துப் பார்க்க வேண்டிய கட்டடங்களை எழுப்பியாயிற்று. தௌலா குவான் வட்டத்தின் மேலே பாலங்கள் பின்னிக் கிடக்கின்றன. அம்மா பஸ்களை விட்டுவிட்டு நின்ற இடம் எந்தத் தூணுக்கு அடியில் இருக்கிறதென்று என்னால் சொல்ல முடியாது. ஜனக்புரியில் இப்போது இருப்பவன் என் அண்ணன். அம்மாவின் அடக்கத்தன்று எல்லார் முன்னிலையிலும், "கூடவே இருந்தியே, கொஞ்சம் முன்னாடி டாக்டர்கிட்ட காட்டியிருந்தா பொழச்சிருப்பாங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். அதற்குப் பிறகு நான் அவனோடு பேசவில்லை. பந்திக்கும் போகவில்லை.

போன சனிக்கிழமை அச்சு முறுக்கு சுட்டேன். டின் புதியது. மெட்ரோவில் கிளம்பியவள், மாற வேண்டிய அவசியமே இல்லாத தௌலா குவான் பக்கத்து நிலையத்தில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ரயில்கள் வந்தன, போயின. மத்தியான நேரம், நடைமேடையில் ஆளே இல்லை. தள்ளுவதற்கு ஒரு போர்வைக்காரர்கூட இல்லை. சட்டி காலியாக இருக்கிறது என்று சொன்னேன். ஜனக்புரிப் பக்கம் போகும் அடுத்த ரயில் வந்து கதவு திறந்தது, மூடப்போகிறது என்ற அறிவிப்பும் கேட்டது. பிறகு பார்த்தால், டின்னை மார்போடு அணைத்தபடி உள்ளே நின்றுகொண்டிருந்தேன், நடைமேடை பின்னால் போய்க்கொண்டிருந்தது. யார் தள்ளியது என்று கேட்டுச் சிரிக்கத்தான் அப்பா இல்லை.