ஒருத்தனைத் தவிர

என் அண்ணன் இறந்த இருபத்திரண்டாம் நாள் காலையில், எங்கள் தெருமுனையில் கட்டியிருந்த அஞ்சலி ஃபிளெக்ஸில் யாரோ கறுப்பு மார்க்கரால் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணன் படத்துக்குக் கீழே, எங்கள் பேண்டில் கீபோர்டு வாசித்தவர் சொல்லிப் போட்ட வரி இருந்தது: 'மேடையேறிய எங்களையெல்லாம் காத்தவரே.' அதற்கும் கீழே, சின்னப் பிள்ளை எழுதியது போலக் கோணல் எழுத்தில்: 'ஒருத்தனைத் தவிர.'

அம்மா பால் வாங்கிக்கொண்டு வந்தவள் அங்கேயே நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"யாரைடி சொல்றாங்க?"

"தெரியலம்மா."

தெரியும். அந்த ஒருத்தர் எங்கள் டிரம்மர். ஒரு கச்சேரியில் வந்த கலவரத்தில் அவரை விட்டுவிட்டு, தங்கச்சி என்னை மட்டும் பத்திரமாக ஏற்றிக்கொண்டு வேனை எடுத்தவர் என்று என் அண்ணனைப் பாதிப் பேர் சொல்கிறார்கள். அண்ணன் இல்லையென்றால் அன்றைக்கு எல்லோரும் பிணம் என்று மீதிப் பேர் சொல்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். "எல்லாரும் ஏறியாச்சு, எடு" என்று சொன்னது நான். இரண்டரை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனும் சொல்லாமலே போய்விட்டார்.

நான் எட்டாவதோடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

பேண்டு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தஞ்சாவூரில் எங்கள் சர்ச் பாடல் குழுவில் வாசித்த நான்கு பேர்: ஒரு லீடு கிடார், ஒரு பேஸ் கிடார், ஒரு கீபோர்டு, ஒரு டிரம்ஸ். பாட நான். அவர்களுக்கு ராக் பேண்டு என்றுதான் ஆசை. அண்ணன் எங்கள் மேனேஜர். எந்த ஊரில் திருவிழா, எந்தத் தேதி, மேடை எங்கே, கரண்ட் எங்கிருந்து என்று எல்லாம் பேசி முடிப்பவர் அவர். வேனை ஓட்டுவதும் அவரே. நோட்டீஸில் மட்டும் 'ராக்' என்று போட விடமாட்டார். 'இன்னிசை மழை' என்று போடுவார்.

"ராக்குன்னு போட்டா ஊர்ல எவன்டா நிப்பான்? மொதல்ல ரெண்டு சாமி பாட்டு. அப்பறம் நாலு சினிமாப் பாட்டு. கெழவிங்க எந்திரிச்சுப் போனதும் உங்க கத்தல வச்சுக்கங்க."

"கெழவிங்க போகவே மாட்டேங்கறாங்களேண்ணே" என்பார் கிடார்க்காரர்.

"அப்ப கத்தாத."

எந்த ஊரில் போய் இறங்கினாலும் விழாக் கமிட்டிக்காரர்களிடம் அவருடைய முதல் கேள்வி, "பாத்ரூம் இருக்கற வீடு எதுங்க? தங்கச்சி வந்திருக்கு." அதற்கப்புறம்தான் மேடையைப் பார்க்கப் போவார்.

கச்சேரி நடக்கும்போது கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும். இந்தப் பாட்டைப் பாடுங்கள், இன்னார் பெயரைச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கும். எல்லாச் சீட்டும் அண்ணன் கைக்குத்தான் போக வேண்டும். ஒரு சாதியை உசுப்பிவிடுகிற பாட்டு, ஒரு தலைவர் பெயர் என்று இருந்தால் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். "அந்தப் பாட்டு நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியாதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சில ஊர்களில் அவருக்கு அடி விழும் போல இருக்கும். அவர் அசைய மாட்டார்.

கிளம்பும்போது எனக்கு ஒரு வேலை உண்டு. வேனில் நான் முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்காருவேன். எங்களுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் தட்டி இருக்கும், அதில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். "ஏறியாச்சா பாப்பா?" என்று கேட்பார். நான் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்து, நான்கு தலையை எண்ணி, "ஏறியாச்சு" என்பேன். அதற்கப்புறம்தான் வண்டி நகரும்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால், காணும் பொங்கலுக்கு ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு ஊரில் கச்சேரி. அறுவடை முடிந்த களத்தில் மேடை. சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் ஆரம்பித்துவிட்டோம். நல்ல வெயில். ஆம்பளைகள் எல்லோரும் பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில் இருந்தார்கள். எங்கள் டிரம்மரும் அன்றைக்கு வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார்.

ஐந்தாவது பாட்டில் வடக்குத் தெருப் பையன் ஒருவன் சீட்டுக் கொண்டுவந்தான். அண்ணன் படித்துவிட்டுப் பையில் போட்டார். கொஞ்ச நேரத்தில் தெற்குத் தெருவிலிருந்து ஒரு சீட்டு. அதையும் பையில் போட்டார். இரண்டு தெருவுக்கும் பழைய பகை என்று எங்களுக்குத் தெரியாது. அண்ணனுக்கு அந்த இரண்டு சீட்டில் தெரிந்துவிட்டது. மேடைப் பக்கமாக வந்து, "இதோட முடிங்க. நன்றி சொல்லாதீங்க, எறங்குங்க" என்றார். பாட்டு முடியவில்லை. தோகையோடு ஒரு முழுக் கரும்பு பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. அடுத்தது ஒரு நாற்காலி.

நான் ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. முன்சீட்டில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டேன். பின்னால் தடதடவென்று ஏறினார்கள். பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அண்ணன் ஓடிவந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

"ஏறியாச்சா பாப்பா?"

நான் திரும்பவில்லை. சைடு கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வெள்ளைச் சட்டை எங்களை நோக்கி ஓடிவருவது தெரிந்தது. நம் ஆளா, அவர்கள் ஆளா என்று தெரியவில்லை. நின்றால் கதவைத் திறந்து என்னை இழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று மட்டும் தோன்றியது.

"எல்லாரும் ஏறியாச்சு, எடு!"

வண்டி நகரும்போது பின்பக்கம் தட்டென்று ஒரு சத்தம். கல் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் இருந்த மூன்று பேரும் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் குப்புறப் படுத்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. வாய்க்கால் கரை ரோட்டில் ஒரு மைல் வந்த பிறகுதான் கீபோர்டுக்காரர் ஜன்னலைத் தட்டி, "டிரம்ஸ் எங்கண்ணே?" என்றார். தன் சொந்த டிரம் ஒன்றைக் கழற்றி எடுக்கப் போனவர் பிந்திவிட்டார்.

அண்ணன் பிரேக் போட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. கோபமே இல்லை அந்த முகத்தில். எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல், வேனைத் திருப்ப இடமில்லை. பேஸ்காரரை ஓட்டச் சொல்லி, "மெயின் ரோட்டுல போலீஸ் நிக்கும், போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே தனியாக ஓடினார்.

அவர் டிரம்மரைத் தோளில் சாய்த்து மெயின் ரோட்டுக்குக் கூட்டிவந்தபோது டிரம்மருக்கு வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. அண்ணனுக்கு நெற்றியில் ரத்தம். ஆஸ்பத்திரியில் டிரம்மரின் அப்பா கேட்டதற்கு, "நான் எண்ணாம எடுத்துட்டேங்க" என்றார் அண்ணன். நான் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கை சரியாகவில்லை. பேண்டு அதோடு உடைந்தது. கிடார்க்காரர் வேறு குழு ஆரம்பித்துப் போகிற ஊரிலெல்லாம் சொன்னார்: "திரும்பி ஓடினாரு, அதை இல்லேங்கல. மொதல்ல ஏன் எடுத்தாரு? தங்கச்சி ஏறிடுச்சுல்ல, அவ்வளவுதான்." அவரும் பின்னால் குப்புறப் படுத்திருந்தவர்தான். அதனால்தான் அவருக்கு இவ்வளவு கோபமோ என்று நினைப்பேன். சொல்ல மாட்டேன். என்ன முகத்தோடு சொல்வது?

அண்ணனுக்குக் கச்சேரி யாரும் கொடுக்கவில்லை. அதே வேனில் வைக்கோல் கட்டும் நெல் மூட்டையும் ஏற்றினார். ஒரு நாள் சாப்பாடு போடும்போது, "அண்ணே, அன்னிக்கு நான்தானே..." என்று ஆரம்பித்தேன். "சாப்பிடு" என்றார். அவ்வளவுதான்.

போன மாதம் பூதலூர் ரயில்வே கேட்டில் வண்டி நின்றிருக்கிறது. ரயில் போய், கேட் திறந்து, பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்திருக்கிறார்கள். அண்ணன் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கில் கை இருந்ததாம். முப்பத்து நான்கு வயது.

ஃபிளெக்ஸைப் பார்த்த மறுநாள் ஒரத்தநாட்டுக்குப் பஸ் ஏறினேன். அங்கே டிரம்மர் செல்போன் கடை வைத்திருக்கிறார். வழியெல்லாம் அதே யோசனை. அடிப்பாரோ, வீடியோ எடுத்துப் போடுவாரோ, அம்மாவுக்குப் போன் பண்ணிவிடுவாரோ. இரண்டு தடவை நடுவிலேயே இறங்கப் பார்த்தேன்.

"வா. என்ன இவ்வளவு தூரம்?" என்றார்.

"அண்ணனுக்கு முப்பதாம் நாள் பூசை. கூப்பிட வந்தேன்."

"ஃபிளெக்ஸப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நான்தான் எழுதினேன். எடது கை. எழுத்து நல்லா வரல."

என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. ஒரே மூச்சில் சொன்னேன். "அண்ணே, எண்ணாம விட்டது எங்கண்ணன் இல்ல. அவரு கேட்டாரு. நான்தான் ஏறியாச்சு எடுன்னேன்."

அந்த நேரம் பார்த்து ஒரு காலேஜ் பையன் வந்து போனை நீட்டினான். "அண்ணே, இதுக்கு மேல ஒட்டற கண்ணாடி இருக்கா?"

"இருக்கு, குடு."

இடது கையால் துடைத்தார். கண்ணாடியை வைத்தார். ஒரு காற்றுக்குமிழி நின்றது. அதை ஒரு அட்டையால் தள்ளித் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுபோனார். அவ்வளவு மெதுவாக யாரும் ஒட்டிப் பார்த்ததில்லை. நான் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பையன் போனதும் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"பாத்துட்டுச் சொன்னியா, பாக்காம சொன்னியா?"

பாக்காம என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான் அது. நாக்கு நுனி வரை வந்தது.

"கண்ணாடியில ஒரு வெள்ளச் சட்ட ஓடி வந்துச்சு."

"நான்னு தெரிஞ்சுதா?"

"தெரியல. தெரிஞ்சுக்கவும் நான் திரும்பல. வண்டி நிக்கக் கூடாதுன்னு மட்டுந்தான் இருந்துச்சு."

"வண்டியத் தட்டினேன். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. கல்லுன்னு நெனச்சேன்."

அவர் அந்த அட்டையைக் கடைப் பலகை மேல் வைத்தார்.

"உங்கண்ணன் இங்க நாலு தடவ வந்தாரு. 'நான் எண்ணலடா தம்பி'ன்னு இதே எடத்துல நின்னாரு. நான் நாலு தடவையும் தலைய நிமித்தல. அவரு உசுரோட இருக்கறப்ப வந்து சொல்லியிருந்தியன்னா அவருக்கு ஒரு டீயாவது வாங்கிக் குடுத்திருப்பேன்ல?"

நான் கடைப் பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

"போ. பஸ்ஸு நிக்கிது" என்றார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, சர்ச் பக்கத்துக் கொட்டகையில் சாப்பாட்டுக்கு முன்னால் நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். கீபோர்டுக்காரர் அண்ணனைத் தூக்கிவைத்துப் பேசினார். கிடார்க்காரர் மைக்கை வாங்கி, "நல்லவருதான். ஆனா ஒரு கை போனது போனதுதான்" என்றார். பந்தியில் முணுமுணுப்பு வந்தது. அம்மா சாம்பார் வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

நான் போய் மைக்கைப் பிடித்தேன். எத்தனையோ மேடையில் பிடித்த கைதான். வேர்வையில் வழுக்கியது. சொன்னேன். அண்ணன் கேட்டது, நான் சொன்னது, கண்ணாடி, வெள்ளைச் சட்டை, தட்டின சத்தம், எல்லாம்.

கிடார்க்காரர் மெதுவாகச் சிரித்தார். "அண்ணனுக்காகப் பழியத் தூக்கித் தன் தலையில வச்சுக்குது பாரு. நல்ல பிள்ள."

"பாவம், அவ்வளவு பாசம்" என்றாள் ஒரு அத்தை. "உக்காரும்மா, மனசு சரியில்ல உனக்கு" என்று யாரோ தோளைப் பிடித்தார்கள். எல்லோரும் என்னை அன்பாகப் பார்த்தார்கள். அப்படியே உட்கார்ந்திருந்தால் நான் நல்லவள். அண்ணன் கெட்டவராகவே இருந்திருப்பார். ஒரு நொடி உட்காரத்தான் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போதுதான் டிரம்மர் கை கழுவுகிற குழாய்ப் பக்கம் நிற்பதைப் பார்த்தேன். எப்போது வந்தார் என்று தெரியாது.

"அது நெசத்தத்தான் சொல்லுது" என்றார். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "அந்த வெள்ளச் சட்ட நான்தான். வண்டியத் தட்டினதும் நான்தான். அது எங்க ரெண்டு பேருக்கும் மட்டுந்தான் தெரியும்." கிடார்க்காரரைப் பார்த்து, "இனிமே அவரப் பத்திப் பேசாத" என்றார். சாப்பிடாமல் போய்விட்டார்.

என் தோளைப் பிடித்திருந்த கை விலகியது. நான் போய்ப் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்தேன். பக்கத்து இலை காலியாகவே இருந்தது. அம்மா வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தாள். என் இலைக்கு வந்ததும் குனிந்து, மற்றவர்களுக்கு ஊற்றின அளவே எனக்கும் ஊற்றினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. காலையில் காபி வைக்கிறாள், சோறு போடுகிறாள், என் துணியும் சேர்த்துத் துவைக்கிறாள். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. நான் இந்தப் பக்கத்தை எழுதும்போது அவள் அடுப்பங்கரையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம் நிற்கும்போதெல்லாம், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று இப்போது கேட்டுவிடப் போகிறாளோ என்று எனக்குப் பேனா நின்றுவிடுகிறது.