ஆறாவது அங்கி

தெருவில் அவளை எல்லோரும் அங்கியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டின் முன்னறையே தையலறை. ஜன்னலோரம் மோட்டார் வைத்த தையல் மெஷின், நடுவில் நீளமான வெட்டுமேசை, அதற்கு மேலே கம்பியில் தொங்கும் உடுப்புகள். அந்தக் கம்பியைப் பார்த்தாலே ஊரில் எத்தனை விதக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பூசை வைக்கும் கத்தோலிக்கச் சாமிகளுக்குக் காலத்துக்கு ஒரு நிறம்: பச்சை, ஊதா, சிவப்பு. அவள் கணவர் போகும் சபையின் போதகருக்கு வெள்ளை அங்கியும் கறுப்புக் கழுத்துப் பட்டியும். அங்கே பாடகர் குழுவில் ஆள் குட்டையோ நெட்டையோ, எல்லோருடைய அங்கியும் தரையிலிருந்து ஆறு அங்குலம் மேலே நிற்க வேண்டும். பழைய சிரியன் சபைக்காரர்கள் ஜரிகை இல்லாத துணியைத் தொடக்கூட மாட்டார்கள்.

சந்தைக்குப் பின்னால் கூடும் சகோதரர் சபைக்காரர்கள் மட்டும் குருவே வேண்டாம் என்றவர்கள். அவர்களுக்குத் தைக்க ஒன்றுமில்லை. "உங்கள மாதிரியே எல்லாரும் கிளம்பிட்டா நான் மெஷினை வித்துட வேண்டியதுதான்" என்று அவர்களில் ஒருவரான பால்காரரிடம் ஒருநாள் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. மறுவாரம் மனைவிக்குத் தலைமுக்காடு தைக்கத் துணி கொண்டுவந்தார்.

யாரோடும் அவள் மத வாதம் செய்ததில்லை. அளவெடுக்கும்போது வாயில் குண்டூசி இருக்கும் என்பது ஒரு காரணம். வீட்டுக்குள்ளேயே இரண்டு சபை என்பது இன்னொன்று. அவள் பூசைக்குப் போகிறவள். கணவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் சபையின் பாடகர் குழுவில் அடிக்குரல். இருபத்தாறு வருஷமாக இருவரும் சேர்ந்துதான் ஜெபம் சொல்கிறார்கள். ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில் அவள் ஆமென் சொல்லி முடித்த பிறகும் அவர் சபை வழக்கப்படி அவருக்கு இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கும். அவர் அதைச் சொல்லி முடிக்கும்வரை அவள் காத்திருப்பாள். சின்ன வயதில் மகள் இரண்டு இடத்திலும் ஆமென் சொல்லுவாள்.

ஒரே மகள். இருபத்துமூன்று வயது, கண்ணாடிக் கடையில் வேலை. நாற்பது நாள் குழந்தையாக இருந்தபோது எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் என்று இரண்டு குடும்பமும் முறுக்கிக்கொண்டு நின்றன. கடைசியில் கணவர்தான் இறங்கிவந்தார். அம்மாவின் கோயிலிலேயே நடந்தது.

போன மாதம் ஒரு புதன்கிழமை, டயர் கடைக்கு மேல்மாடியில் கூடும் பெந்தெகொஸ்தே சபையின் பாஸ்டரம்மா வந்தாள். தொட்டியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப் போகிறவர்கள் ஆறு பேர். ஆறு வெள்ளை அங்கி வேண்டும். பெயர் எழுதாமல், எண்கள் மட்டும் எழுதிய ஆறு துண்டுச் சீட்டுகளைக் கொடுத்தாள்.

அங்கியக்கா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். ஆறாவது சீட்டில் நின்றாள். தோள் பதினாலு. இடது கை, வலது கையைவிட அரை அங்குலம் குறைவு.

அந்த அரை அங்குலம் அவளுக்குத் தெரியும். இரண்டாம் வகுப்பில் ஊஞ்சலிலிருந்து விழுந்து உடைந்த கை. அன்றிலிருந்து மகளின் ஒவ்வொரு சட்டையிலும் இடது கையைக் குறைத்தே வெட்டியிருக்கிறாள்.

"இது யாரோட அளவு?"

பாஸ்டரம்மா அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தாள். "சொல்லிடும்மான்னு நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன் சிஸ்டர். அவளுக்குப் பயம்."

சாயங்காலம் மகள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சீட்டு மேசைமேல் இருந்தது.

"அளவு யார் எடுத்தா?"

மகளுக்குப் புரிந்துவிட்டது. "பாஸ்டரம்மா."

"டேப்பைப் பிடிக்கவே தெரியல அவங்களுக்கு."

"கோவமாம்மா?"

"நாப்பது நாள் குழந்தையா உன்னைத் தூக்கிட்டுப் போய் சாமி கையால தண்ணி ஊத்தினோமே, அது என்ன? தலைக்குக் குளிப்பாட்டினதா?"

"அது நீங்க எனக்காகச் சொன்னது. இது நானா சொல்றது."

"அப்போ அது செல்லாது."

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"உங்க பாஸ்டர் சொல்றாரு இல்ல?"

மகள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "அடுத்த ஞாயிறு ஒன்பதரைக்கு. நீ வரணும்" என்றாள்.

"தைச்சுத் தரேன். வரமாட்டேன்."

கணவர் இதையெல்லாம் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பரலோகத்துல நம்ம வீட்டுக்கு மூணு வாசல் போட்டு வச்சிருப்பாங்க போல" என்றார்.

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு."

"விளையாட்டு இல்ல. இவ ஞானஸ்நானத்தப்போ எங்கம்மா மூணு மாசம் என்கூடப் பேசல. நான் விட்டுக் கொடுத்தேன். இப்போ உன் முறை, அவ்வளவுதான்."

அவள் அவருக்குச் சாப்பாட்டை மட்டும் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஐந்து அங்கிகள் இரண்டே நாளில் முடிந்தன. முழுக்கு அங்கியில் ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீரில் இறங்கியதும் துணி குடை மாதிரி விரிந்து மேலே மிதந்துவிடும். போட்டிருப்பவர் கூட்டத்துக்கு முன்னால் கூனிக் குறுகி நிற்க வேண்டியதுதான். அதனால் கீழ் மடிப்புக்குள் மீன்வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகள், அங்கிக்கு நாலு, வைத்துத் தைக்க வேண்டும். ஆறாவது அங்கியைக் கடைசிவரை தள்ளிப் போட்டாள். தொட்டபிறகு அதை மெஷினில் ஓட்ட மனம் வரவில்லை. முதன்முதலாகப் புதுநன்மை அப்பம் வாங்கும் பிள்ளைகளுக்குத் தைப்பது போல, விளிம்பு முழுக்கக் கையாலேயே தைத்தாள். சனிக்கிழமை மகள் ஆறையும் மடித்து எடுத்துப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசையைத் துடைக்கும்போது டப்பாவில் நாலு குண்டு மிச்சமிருந்தது. கடைக்காரன் கூடுதலாகப் போட்டுவிட்டான் என்று நினைத்தபடி கோயிலுக்குப் போனாள்.

நன்மை அப்பம் வாங்கிவிட்டு இடத்துக்குத் திரும்பும்போது முன்வரிசைச் சிறுமி ஒருத்தியின் பாவாடை மின்விசிறிக் காற்றில் குப்பென்று மேலெழுந்தது. அங்கியக்கா நடுவழியில் நின்றுவிட்டாள். கடைக்காரன் சரியாகத்தான் கொடுத்திருக்கிறான். ஆறாவது அங்கியின் மடிப்புக்குள் ஒன்றுமே இல்லை.

கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்னால் கோயிலை விட்டு அவள் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுக்கு ஓடி டப்பாவையும் ஊசிநூலையும் எடுத்துக்கொண்டு, பாதி நடையும் பாதி ஓட்டமுமாக டயர் கடை மாடிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

உடைமாற்றும் அறையில் ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். மகள் இரண்டாவது.

"அம்மா!"

"அசையாதே. அசைஞ்சா காலைக் குத்திடும்." தரையில் மண்டியிட்டு மடிப்பைப் பிரித்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"குண்டு வைக்க மறந்துட்டேன். இப்படியே இறங்கியிருந்தா ஊரே சிரிச்சிருக்கும்."

பாஸ்டரம்மா எட்டிப் பார்த்தாள். "நேரமாச்சு சிஸ்டர், பாட்டு முடியப் போகுது."

"இன்னொரு பாட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க. உங்க ஆளுங்களுக்குப் பாட்டுக்கா பஞ்சம்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இன்னொரு பாட்டு ஆரம்பித்தது. அது முடிந்து இன்னொன்றும் போனது. நாலாவது குண்டை வைத்து நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "போ" என்றாள். முதல் ஆளாகப் போனவர் நனைந்து திரும்பியதும் மகள் போனாள்.

வீட்டுக்குக் கிளம்புவதாகத்தான் எண்ணம். ஆனால் துணி நிற்கிறதா என்று பார்க்காமல் எந்தத் தையல்காரி போவாள்? கதவோரம் நின்றாள். மகள் படியிறங்கினாள். அங்கி காலோடு ஒட்டி நின்றது. பாஸ்டர் அவளை முழுசாக முக்கித் தூக்கினார். அங்கியக்காவின் கை தானாக நெற்றிக்குப் போய், அங்கே யாரும் போடாத சிலுவை அடையாளத்தைப் போட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஸ்தோத்திரம்" என்றாள். இவளும் தலையாட்டி வைத்தாள்.

மகள் குளிரில் பல் தந்தியடிக்க வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பூசை முடிஞ்சுதாம்மா?"

"எங்க முடிஞ்சுது? ஆசீர்வாதம் வாங்காமலே ஓடிவந்துட்டேன்."

"இங்க வாங்கிக்கோயேன். பாஸ்டர் கடைசியில கொடுப்பார்."

"போடி. என்னோடதை நான் அடுத்த வாரம் அங்கேயே வாங்கிக்கறேன்." துண்டை எடுத்து மகளின் தலையை அழுத்தித் துவட்டினாள். "நல்லாத்தான் முக்கினார்."

கைப்பையைத் தோளில் மாட்டியவள், மறுபடி இறக்கி வைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். இன்னும் நாலு பேர் இறங்க வேண்டியிருந்தது. அந்த நாலு அங்கியும் அவள் தைத்ததுதான்.