ரோஸ் நிறப் பாட்டில்

"உப்புல எந்தக் கிருமியும் வளராது மிஸ்" என்று என் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அடித்துச் சொன்னார்கள். சாட்சிக்கு ஊறுகாயையும் கருவாட்டையும் இழுத்தார்கள். மரக்காணத்துப் பிள்ளைகளிடம் உப்பைப் பற்றி வாய் கொடுத்து ஜெயிக்க முடியுமா? "வச்சுப் பாத்துடலாம்" என்றேன்.

மூன்று பாட்டில்களில் தலா ஒரு ஸ்பூன் உப்பளச் சேறு போட்டோம். ஒன்றில் குடிக்கிற நல்ல தண்ணீர், ஒன்றில் கடல் தண்ணீர், மூன்றாவதில் உப்பு பூக்கிற பாத்தித் தண்ணீர். அதைக் கொண்டுவந்தவள் உப்பளத்தை ஒட்டிய தெருவிலிருந்து வரும் மாணவி. லேப் ஜன்னலில் மூன்றும் வெயில் காய்ந்தன. முதல் இரண்டில் பச்சையாகப் பாசி பிடித்தது. மூன்றாவது சும்மா கிடந்தது. சில வாரம் கழித்து ஒரு காலை, அவள் வராந்தாவிலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"மிஸ்! நம்ம பாட்டில் ரோஸ் கலரா மாறிடுச்சு மிஸ்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உப்பிலும் ஓர் உயிர்! சூழல் மாறினால் அதில் வளரும் உயிரும் மாறும் என்று நான் தொண்டை கிழியக் கத்த வேண்டிய பாடத்தை அந்தப் பாட்டில் உட்கார்ந்த இடத்திலேயே நடத்திவிட்டது.

பள்ளிக் கண்காட்சியில் அதையே வைத்தாள். தேர்வானால் விழுப்புரத்தில் மாவட்டக் கண்காட்சி. தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நடுவராக வந்திருந்த வெளியூர் ஆசிரியர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, எத்தனை சொட்டு இங்க் ஊத்துன?"

அவள் முகம் சுண்டிப்போனது. எனக்குச் சுள்ளென்று ஏறியது. "இங்க் நீந்துமா சார்? வந்து பாருங்க" என்று, பாட்டில் தண்ணீரில் ஒரு சொட்டு வைத்திருந்த மைக்ரோஸ்கோப்பை அவர் முன்னால் நகர்த்தினேன்.

குனிந்தார். உள்ளே ஆரஞ்சுப் புள்ளிகள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன. "தூசி கூடத் தண்ணில ஆடும் டீச்சர்" என்றார். என்ன பிடிவாதம் இந்த மனுஷனுக்கு!

"ஒரு சொட்டு நல்ல தண்ணி விடும்மா" என்றேன் அவளிடம். "திடீர்னு உப்பு குறைஞ்சா இதுங்க தாங்காது. தூசின்னா ஒண்ணும் ஆகாது."

ஸ்லைடின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டாள். அவர் கண்ணை எடுக்கவில்லை. "பெருசாகுது... ஐயய்யோ, வெடிக்குது! ஒண்ணொண்ணா வெடிக்குது!"

அவள் அவரை ஒதுக்கிவிட்டுத் தானும் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. "எல்லாம் செத்துப்போச்சு மிஸ்" என்று பொலபொலவென்று அழுதுவிட்டாள். ஜெயித்தது கூட அவளுக்கு உறைக்கவில்லை.

"அழாதம்மா. பாட்டில்லேர்ந்து இன்னொரு சொட்டு வை, பாக்கணும்" என்ற நடுவர் என் பக்கம் திரும்பினார். "அந்த நல்ல தண்ணிய அந்தாண்ட எடுத்துட்டுப் போங்க டீச்சர். விழுப்புரம் போய்ச் சேர்ற வரைக்கும் இந்தப் பாட்டில் பக்கத்துலயே வரக் கூடாது."