நொடிக்கு ஐந்து படம்

செல்லூரில் வீட்டு முன்னறைதான் ஹம்சவேணியின் கடை. செல்போனில் பாட்டும் படமும் ஏற்றித் தருவார். வாடிக்கையாளர்களின் மெமரி கார்டு வழியே வந்த வைரஸ்கள் இரண்டு முறை கம்ப்யூட்டரைப் படுக்க வைத்ததும், லினக்ஸுக்கு மாறிவிட்டார்.

"இப்பவும் வைரஸு வருது. ஆனா வேலை கெடைக்காமத் திரும்பிப் போயிருது" என்பார்.

லினக்ஸில் படம் மாற்ற ஒரு மென்பொருள் வைத்திருந்தார். கோப்பை இழுத்துப் போட்டு, போன் வகையைத் தேர்ந்து, பொத்தானை அழுத்தினால் போதும். திரையில் இருந்த மற்ற கட்டங்களையும் அவர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் கற்றிருந்தார். சின்னக் கார்டில் நிறையப் படம் கேட்பார்கள் என்று, வீடியோவில் நொடிக்கு ஐந்து படம் (ஃபிரேம்) போதும் என அதில் நிரந்தரமாகப் போட்டு வைத்திருந்தார். எதையும் வாடிக்கையாளரின் போனிலேயே ஓட்டிக் காட்டாமல் கையில் கொடுக்கமாட்டார்.

2009 மாட்டுப் பொங்கல் முடிந்த வாரம், அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து பேயாண்டி ஒரு ஜல்லிக்கட்டு சிடியோடு வந்தார். கூடவே அவர் மச்சினன் காசிமாயன். மூன்று துள்ளல்வரை திமிலை விடாமல் பிடித்தால்தான் காளையை அணைந்த கணக்கு. பேயாண்டியின் காளையைத் தான் அப்படி அணைந்துவிட்டதாகக் காசிமாயன் சொல்ல, இல்லையென்று பேயாண்டி சாதிக்க, தோற்றவர் மீசையை எடுப்பதென்று டீக்கடையில் பேச்சாகிவிட்டது.

"தங்கச்சி, இதைச் செல்லுல ஏத்திக் குடு. ஊரே பாக்கணும்" என்றார் பேயாண்டி.

ஹம்சவேணி மாற்றி, போனில் ஓட்டினார். காளை சீறி வந்தது. காசிமாயன் திமிலைக் கட்டிப் பிடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று துள்ளல். கை திமிலிலேயே இருந்தது.

"மாமா, சலூனு பக்கத்துலதான் இருக்கு. வாங்க" என்றான் காசிமாயன்.

பேயாண்டி மீசையைத் தடவினார். முப்பது வருட மீசை.

ஹம்சவேணிக்கு மட்டும் படம் உறுத்தியது. காளை ஓடவில்லை, தாவித் தாவி நின்றது.

"அண்ணே, பொறுங்க. தப்பு எம்மேல. சிடியில நொடிக்கு இருபத்தஞ்சு படம் இருக்கு, நான் அஞ்சுதான் வச்சிருக்கேன். மிச்சம் இருபதையும் இது தூக்கிப் போட்டுருச்சு."

"அந்த இருபதுல என்ன இருக்கப் போகுது?" என்றான் காசிமாயன்.

"இருந்தாலும் இருக்கும். உக்காருங்க."

கட்டத்தில் ஐந்தை அழித்து இருபத்தைந்து என்று போட்டார். பொத்தானை அழுத்தினார். பச்சைக்கோடு மெல்ல நகர்ந்தது. பேயாண்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார், வாடிவாசலைப் பார்ப்பதுபோல.

மறுபடி போனில் ஓட்டினார். இப்போது காளை நிஜமாகவே ஓடியது. இரண்டாம் துள்ளலில் கை திமிலை விட்டு வழுக்கியது. கண்ணிமைக்கும் நேரத்தில் மறுபடி பற்றியது.

"விட்டுட்டான்! மாப்ள, விட்டுட்டடா!" பேயாண்டி கத்தியதில் எதிர்வீட்டுத் தறிச் சத்தமே ஒருகணம் அமுங்கியது.

காசிமாயன் ஹம்சவேணியிடம் குனிந்தான். "யக்கா, மொதல் படமே நல்லாத்தானே இருந்துச்சு? அதையே குடுத்துருங்களேன்."

"அது படமில்ல தம்பி, என் கஞ்சத்தனம்" என்றவர், அவன் கண்முன்னே பழையதை அழித்தார்.

பேயாண்டியே மச்சினன் தோளில் கைபோட்டு சலூனுக்குக் கூட்டிப்போனார். அன்று சாயங்காலமே மென்பொருளில் ஐந்தை நிரந்தரமாக எடுத்துவிட்டு ஹம்சவேணி இருபத்தைந்து போட்டார். கார்டில் ஏறும் படங்கள் குறைந்தன. "எம்புட்டு ஏத்துவீங்க, இப்ப இம்புட்டுத்தானா?" என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர் கடைசிவரை மாற்றவில்லை.