போடாமல் விட்ட ஃபில்டர்

வீட்டுப் புல்வெளிக்குத் தானாகத் தண்ணீர் பாய்ச்சும் கருவி மாட்டுவது என் தொழில். இதில் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கும். மோட்டார், பைப், வயரிங் என்று அடுத்தவர் வீட்டு வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். தப்பு யாருடையது என்று வீட்டுக்காரர் கேட்கும்போது நம் வாயில் முதலில் வருவது நம் பெயராக இருப்பதில்லை.

நம்ம போர்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீடு. வீட்டுக்காரர் குமரவேல், திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். இரண்டு ரிக் வண்டிகள் வைத்து வட மாநிலங்களில் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுகிறவர். முன்வாசலில் ஆறு சென்ட் புல்வெளி. பதினெட்டுத் தெளிப்பான்கள், மூன்று வால்வுகள், சுவரில் ஒரு டைமர் பெட்டி என்று எழுதிக் கொடுத்தேன். காலை ஐந்தரைக்குத் தெளிப்பான்கள் மண்ணுக்குள்ளிருந்து தாமாகத் தலை தூக்கி, நனைத்துவிட்டு, உள்ளே போய்விடும். பட்டியலில் கடைசி வரி ஃபில்டர். அவர் விரல் அதில் நின்றது.

தெளிப்பானின் துவாரம் ஊசிக் காது அளவுதான். புதுப் போரில் கல்மாவு வரும், ஃபில்டர் இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது அவருடைய வண்டியிலேயே போட்ட போர். அதைக் குறை சொல்வது, சம்பந்தி வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரில் உப்பில்லை என்பது மாதிரி. பேனாவை எடுத்து அந்த வரியை நானே அடித்தேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம ரிக்குல போட்ட போருங்க தம்பி. அப்படியே பாட்டில்ல புடிச்சு விக்கலாம்."

வேட்டித் துணி

அதுவரை அந்தப் புல்லுக்கு ஹோஸ் பிடித்தவர் சரசக்கா. ஐம்பது வயதிருக்கும். காலையில் புல்லுக்குத் தண்ணீர், பிறகு வாசல், பாத்திரம். பெட்டி வந்தால் தண்ணீர் வேலை போய்விடும், மற்ற வேலையாவது நிற்குமா என்பதுதான் அவருக்குக் கவலை. வீட்டம்மாவிடம் இரண்டு தடவை கேட்டார். அம்மா இரண்டு தடவையும் டீ கொடுத்தார், பதில் கொடுக்கவில்லை. அப்படி இருந்தும், எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எங்கே வெயில் காயும் என்று நான் கேட்டதற்கெல்லாம் வேலை நடந்த மூன்று நாளும் நடந்து நடந்து காட்டினார். மாமரத்தடிக்கு நாலு நிமிடம், கேட் ஓரத்துக்கு ஒன்பது. அவர் சொன்னதைத்தான் டைமரில் பதித்தேன்.

அவருடைய ஹோஸின் வாயில் பழைய வேட்டித் துணி கட்டியிருந்தது. ஹோஸைச் சுருட்டும்போது அதை அவிழ்த்து எறிந்தேன். அவர் அதை எடுத்து என் முன்னால் உதறினார். சாம்பல் நிறத்தில் மாவு கொட்டியது. நான் வயரைச் சீவுவதில் மும்முரமாக இருப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"வாரத்துக்கொருக்கா ஒதறோணுஞ் சாமி. உங்க பொட்டி தானே ஒதறிக்குமுங்களா?"

மஞ்சள் வட்டங்கள்

ஐந்தாவது வாரம் போன் வந்தது. போய்ப் பார்த்தால் புல்லில் வட்ட வட்டமாக மஞ்சள். பாதித் தெளிப்பான்கள் தலை தூக்கவே இல்லை. தூக்கியவை எச்சில் துப்புவது போலத் துப்பின. ஒன்றைக்கூடக் கழற்றாமலே காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. குமரவேல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். சரசக்கா வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். போரில் மாவு வருகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. ஃபில்டரை அடித்தவன் நான் என்று சொல்லவும் வரவில்லை. "பெட்டியை யாரோ தொட்டிருக்காங்கண்ணா" என்றேன்.

யாரோ என்றுதான் சொன்னேன். அந்தச் சுவரோரம் வேலை செய்கிறவர் ஒருவர்தான். விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நிமிராமலே தெரிந்தது. குமரவேல் சத்தம்கூடப் போடவில்லை.

"நாளையிலிருந்து வர வேண்டாம் சரசு. வேற ஊடு பாத்துக்க."

பக்கெட்

அன்று மதியமே பதினெட்டையும் கழற்றிப் பக்கெட் தண்ணீரில் கழுவினேன். அடியில் தங்கிய கல்மாவைத் தெருச் சாக்கடையில் கொட்டினேன். வண்டியில் கிடந்த ஒரு ஃபில்டரை, மோட்டார் மூடிக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் மாட்டினேன். ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். இவ்வளவு வேலையும் அந்த வார்த்தையைப் பேசாமல் இருப்பதற்காக.

பத்து நாள் கழித்து குமரவேலுக்குப் போன் செய்தேன். பெட்டியை யாரும் தொடவில்லை, போரில் மாவு வந்தது, தப்பு என்னுடையது, அந்த அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று, காகிதத்தில் எழுதி வைத்துப் படித்தேன். அவர் எங்கோ ரிக் பக்கத்தில் நின்றிருந்தார். அந்தச் சத்தத்திலும் முழுதாகக் கேட்டார். போரைக் குறை சொன்னதற்குக்கூடக் கோபப்படவில்லை.

"புல்லு பச்சையாயிருச்சுங்களே தம்பி. அப்பறம் அவ எதுக்கு?"

மண்டபம்

நாலு மாதம் கழித்து, சங்ககிரி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துப் புல்வெளிக்கு அளவெடுக்கக் கூப்பிட்டார்கள். மேனேஜர் உள்ளே அழைத்துப் போனார். புல் நடுவே ஹோஸோடு சரசக்கா. மேனேஜருக்குப் போன் வந்து அவர் நகர்ந்ததும், அளவு நாடாவின் நுனியைப் பிடித்தபடி, "நீங்க பெட்டியத் தொடலைன்னு அவருகிட்டச் சொல்லிட்டேன்க்கா" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது. அவர் என் செருப்பு நனையாதபடி ஹோஸைத் திருப்பிக்கொண்டார்.

"நாந் தொடலைன்னு எனக்குத் தெரியாதுங்களா சாமி? இங்க என்ன சொல்லி நிறுத்தப்போறீங்க, அத மட்டும் மொதல்லயே சொல்லிப்போடுங்க."

நாடாவைச் சுருட்டிக்கொண்டு, இந்த மண்ணுக்குப் பெட்டி ஒத்து வராது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்தேன். வேறொருவர் மாட்டிய பெட்டி இப்போது அங்கே நன்றாகவே ஓடுகிறதாம்.