டீ கேட்டால் துலுக்கும் கிடா

ஓநாய் எப்படி மனிதனோடு வந்து சேர்ந்தது என்று ஒருநாள் டிவியில் காட்டினார்கள். தீ மூட்டியிருந்த இடத்துக்கு எலும்பு பொறுக்க வந்ததாம், அப்படியே தங்கிவிட்டதாம். என் மனைவி சேனலை மாற்றிவிட்டாள். எங்கள் வீட்டில் அந்த வரலாறு பால்பாட்டிலில் தொடங்கி, மலையடிவாரத்து முனியப்பன் கோயிலில் முடிந்தது.

தியாகதுருகம் ரோட்டில் பைக்கோடு விழுந்த மகன், ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். "புள்ள எழுந்து வந்தா கெடா வெட்றேன்" என்று அவள் வேண்டிக்கொண்டாள். எழுந்து வந்தான். அந்த வாரமே எங்கள் வெள்ளாடு ஒரு குட்டியை ஈன்றுவிட்டுச் செத்துப்போனது. கிடாக்குட்டி.

"சாமியே அனுப்பி வச்சிட்டாரு பாத்தியா" என்றாள். அனுப்பியது சாமி, பாட்டிலில் பால் புகட்டியது நான்.

நான் ஜோக் அடிக்கிற ஆள். கேட்டு யாரும் சிரிப்பதில்லை, அது வேறு விஷயம். குட்டியின் காதில் ஊதி, "டீ வேணுமா?" என்பேன். அது கூசிப்போய், தலையிலிருந்து வால் வரைக்கும் சிலிர்த்து உதறும். உடனே சட்டைப்பையிலிருந்து ஒரு பொறை ரொட்டி எடுத்துக் கொடுப்பேன். கொஞ்ச நாளில் ஊத வேண்டிய அவசியமே இல்லாமல் போனது, கேட்டாலே உதறியது. டீக்கடையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் ஜோக்குக்குச் சிரிக்கிறார்கள் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

"எப்ப வெட்றது?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் சதை புடிக்கட்டும்" என்பேன். கிடாவுக்குக் கொம்பு வளைந்தது, தாடி வந்தது. எனக்குச் சாக்கு தீரவில்லை. அப்புறம் மகனுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. சாயங்காலமானால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவான்.

"நீ தள்ளிக்கினே போறியே, அதான் சாமி புள்ள தலையில கைய வக்குது" என்றாள் அவள். அந்த வாரமே கிடாவைக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனோம்.

கோயிலில் வெட்டுவதற்கு முன் கிடா துலுக்க வேண்டும். மஞ்சத்தண்ணியை மேலே ஊற்றுவார்கள். அது தானாக உடம்பைச் சிலிர்த்து உதறினால், சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். உதறாமல் நின்றால் சாமி ஏற்றுக்கொள்ளவில்லை. வெட்டக் கூடாது.

முதல் சொம்பு ஊற்றினார்கள். கிடா அசையவில்லை. கழுத்தில் வேப்பிலை மாலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது சொம்புக்கும் அப்படியே நின்றது.

"இன்னாப்பா இது, மரம் மாரி நிக்குது?" என்றார் பூசாரி.

"மாமா வளத்த கெடா ஆச்சே. அவரு வூட்டு வேலைன்னா நிக்கிற மாரிதான் நிக்கும்" என்றான் என் மச்சான்.

அவன் ஜோக்குக்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 'துலுக்காதடா, அப்படியே நில்லுடா' என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சொம்பும் வழிந்து தரையில் ஓடியது. பூசாரி கையை விரித்தார். "சாமிக்கு இன்னாவோ கொறை இருக்குது. ஓட்டிக்கினு போங்க, அப்பறம் பாக்கலாம்."

மனைவியின் முகம் வெளிறிவிட்டது. ஆஸ்பத்திரி வராண்டாவில் பார்த்த அதே முகம். என் கையைப் பிடித்தாள்.

"யோவ், நீ கேளுய்யா."

"இன்னாத்த?"

"டீ வேணுமான்னு கேளு. நீ கேட்டாத்தான் துலுக்கும்."

"அது சாமி உத்தரவு ஆவுமாடி?"

"எனக்கு எம் புள்ள வேணும்யா."

கேட்டேன். மெதுவாகத்தான். ஆனால் கிடாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. தலை, காது, முதுகு, வால் என்று மொத்த உடம்பையும் சிலிர்த்து உதறியது. மஞ்சத்தண்ணி என் சட்டையில் தெறித்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

உதறினால் பொறை வரும் என்பது அதற்குத் தெரியும். என் சட்டைப்பையைப் பார்த்து, கழுத்தை நன்றாக நீட்டியது.

வெட்டுகிறவருக்கு அதுதான் தோது.

அடுத்த மாதம் மகனை சங்கராபுரத்தில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினோம். கண்ணாடி எழுதிக் கொடுத்தார். தலைவலி போய்விட்டது. கிடா கொடுத்ததால்தான் நல்ல டாக்டர் கிடைத்தார் என்று மனைவி ஊரெல்லாம் சொல்கிறாள். நான் மறுப்பதில்லை.

ஆனால் இப்போதெல்லாம் அவள் என்னிடம் டீ வேணுமா என்று கேட்பதில்லை. போட்டுக்கொண்டு வந்து, பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.