காய்ச்சல் மேசைக்குப் பக்கத்து நாற்காலி

“ஆவணி, திங்கள். காலையில் மேகமூட்டம். சுகாதார நிலையத்துக்கு நோயாளியாகப் போனேன். எனக்கு நாற்காலி கிடைத்தது. அது கிடைத்திருக்கக் கூடாது.”

நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்புறம் நான் எழுதி வைத்திருக்கும் குறிப்பு இது. தினமும் கிழிக்கும் தாளை எறியாமல், அதன் முதுகில் அன்றைய நடப்பை நாலு வரி எழுதி, ஆண்டுவாரியாக நூல் போட்டுக் கட்டி வைப்பது என் பழக்கம். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளிவந்துவிடும். அதன் பிறகு ஆர்டர் குவியும். ஊரெல்லாம் இந்த ஆண்டில் இருக்கும்போது நான் அடுத்த ஆண்டின் அமாவாசைகளையும் முகூர்த்த நாள்களையும் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். மாலையில் திருத்தங்கலில் வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் இன்றைய தேதிக்குத் திரும்புவேன். அங்கே பேச யாரும் இல்லை.

என் மனைவி செவிலியர். பட்டாசுக் கிராமங்களுக்கு நடுவே உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தாள். கொரோனாவின் இரண்டாம் அலையில் இறந்துபோனாள். அந்த நாள்களில் அவள் வேலை முடிந்து வந்தால் பின்கட்டில் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பாள். தட்டு தனி, படுக்கை தனி. முகக்கவசத்தின் கம்பியை மூக்கின் மேல் அழுத்தி அழுத்தி அங்கே ஒரு தழும்பே விழுந்திருந்தது. அத்தனை கவனமாக இருந்தவளுக்கு எங்கே, யாரிடமிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியவில்லை.

சில மாதம் கழித்து, பேருந்து நிறுத்தத்தில் ஓர் அம்மாள் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தார். பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். எப்போதோ நடந்த வெடியில் இரண்டு காதும் மந்தமாகிவிட்டதாகச் சொன்னார். சத்தமாகவே பேசினார்.

“ஒங்க வீட்டம்மா தங்கமானவுக. எனக்குக் காது கேக்காதுன்னு மாஸ்க்க எறக்கிட்டுத்தான் பேசுவாக. வாயப் பாத்தாத்தான எனக்கு வெளங்கும்.”

எப்போது, எந்த மாதம் என்று நான் கேட்பதற்குள் பேருந்து வந்துவிட்டது. கேட்டிருந்தாலும் அவருக்குக் காதில் விழுந்திருக்காது. ஏறிய பேருந்தை வைத்து, அவர் எம். புதுப்பட்டிப் பக்கம் என்பது மட்டும் தெரிந்தது.

இந்த ஆண்டு ஆடி முடிவில், சுவாச நோய் ஒன்று மறுபடி பரவத் தொடங்கியிருக்கிறது, எல்லா நிலையங்களும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. என் மனைவி வேலை பார்த்த நிலையத்தில் ஆக்சிஜன் கருவிகளை ஓட்டிப் பார்த்தார்கள். வாசலில் காய்ச்சல் மேசை ஒன்றைப் போட்டார்கள். இருமலோடு வருபவருக்கு அங்கேயே முகக்கவசம் கொடுத்து, எட்ட நிறுத்தி, வேப்பமரத்தடி பெஞ்சுக்கு அனுப்பிவிட வேண்டும். யாரும் மேசையைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. மேசையில் இருப்பவர் கவசத்தைக் கழற்றக் கூடாது. ஊழியர்கள் இதை ஒத்திகை பார்த்து நன்றாகவே செய்தார்கள் என்று டாக்டர் சொன்னார். அவர் என் மனைவியின் காலத்துக்குப் பிறகு மாற்றலாகி வந்த இளம்பெண். இரத்த அழுத்த மாத்திரை வாங்க நான் போயிருந்தபோது என்னைத் தனியாக அழைத்தார்.

ஒத்திகை என்று தெரிந்தால் எல்லாரும் சரியாகத்தான் செய்வார்கள், தெரியாதபோது என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார். திங்கட்கிழமை நான் வரிசையில் நின்று, மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல் என்று சொல்ல வேண்டும். காகிதத் தூசியில் எனக்கு இருமல் சொந்தமாகவே உண்டு. நடிக்க வேண்டியது காய்ச்சல் மட்டும்தான்.

“யார்கிட்டயும் சொல்லிராதீங்க சார்” என்றார்.

சொல்வதற்கு யார் இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வரிசை நீளமாக இருந்தது. தீபாவளிக்கு முந்தின சீசன். பட்டாசுக் கம்பெனி வேன் வருவதற்குள் மருந்து வாங்கிப் போக வேண்டும் என்று பெண்கள் அவசரத்தில் நின்றார்கள். நான் இருமினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே பாதிப் பேர் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள். பட்டாசு மருந்துப் பொடியில் வேலை செய்பவர்கள் அதைக் கம்பெனி இருமல் என்பார்கள். அதை ஒரு நோயாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மறுபடி இருமியபோது முன்னால் நின்ற பெண் மட்டும் திரும்பினார்.

“என்ன அண்ணாச்சி, காலண்டரக் கிழிச்சுத் தின்னுட்டு வந்தீகளா?”

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குள் மேசையில் இருந்த செவிலியர் என்னைப் பார்த்துவிட்டார்.

அவர் என் மனைவிக்கு வேலையில் இளையவர். அவளிடம்தான் ஊசி போடக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். அவளை அக்கா என்பார், என்னை அண்ணாச்சி என்பார். நான் மாத்திரைக்கு வரும்போதெல்லாம் வரிசையில் நிற்க விடமாட்டார். அன்றும் எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போனார். மேசைக்குப் பின்னால், தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டார்.

“இருக்கட்டும், உக்காருங்க. என்ன அண்ணாச்சி இப்படி எளைச்சுட்டீக? சாப்பிட்டீகளா?”

மூன்று நாளாகக் காய்ச்சல் என்றேன். இருமல் என்றேன். சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். அவர் புறங்கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“காச்சல் இப்ப இல்லயே. தனியாக் கெடந்து என்னத்தப் பொங்கித் திங்கீகளோ. இன்னைக்கு ரசம் கொண்டாந்துருக்கேன், பாதி குடுத்து விடுறேன்.”

அவர் முகம் என் முகத்துக்கு ஒரு முழத்தில் இருந்தது. சிரித்தால் அவருக்குக் கடைவாய்ப் பல்லுக்கு முந்தின இடைவெளி தெரியும் என்பதை அன்றுதான் கவனித்தேன். என் நெற்றியை யாரும் தொட்டு வெகுநாள் ஆகியிருந்தது. நான் இரும வேண்டியிருந்தது. இருமாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க மனமில்லை.

பிறகு டாக்டர் அறைக்குப் போனேன். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மேசையில் என்ன நடந்தது என்று கேட்டார். தூர நிறுத்தினார்கள், கவசம் கொடுத்தார்கள் என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டால் எல்லாம் பழையபடி இருக்கும். அடுத்த மாதமும் அந்த நாற்காலி எனக்கு இருக்கும். ஆனால் நோய் வந்தால் முதலில் அந்த மேசைக்குத்தான் வரும். என்னைப் போலவே தெரிந்த முகத்தோடு வரும். காது கேளாத அந்த அம்மாளின் பேச்சு நினைவுக்கு வந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னேன், நாற்காலி உட்பட.

டாக்டர் அந்தச் செவிலியரை உள்ளே கூப்பிட்டார். இது ஒத்திகை என்று தெரிந்ததும் அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் தாளில் எழுதவில்லை. பிறகு டாக்டரிடம்தான் பேசினார்.

“அண்ணாச்சி முன்னால மூஞ்சிய மூடிக்கிட்டு எப்படி டாக்டர் பேச முடியும்? மரியாத இல்லையே.”

“இன்னைக்கு அவர் காய்ச்சல்காரர்.”

“அப்ப எங்க வீட்டுக்காரக வந்தாலும் மரத்தடிக்குத்தான் அனுப்பணுமா?”

“அனுப்பித்தான் ஆகணும்.”

திட்டோ தண்டனையோ எதுவும் இல்லை. தெரிந்தவர் வந்தால் என்ன செய்வது என்பதைப் பயிற்சியில் சேர்க்கப்போவதாக டாக்டர் சொன்னார். யாரும் யாருக்கும் நாற்காலி போடுவதில்லை. பேச்சு கேட்காதவருக்கு எழுதியோ சைகையிலோ சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஊழியர்கள் தங்கள் சொந்தக்காரர்களையே நோயாளியாக வரச்சொல்லிப் பழகினார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒருவருடைய மாமியார் மரத்தடிக்கு அனுப்பப்பட்ட கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லையாம்.

அன்று ரசம் வரவில்லை. வருமென்று நானும் காத்திருக்கவில்லை என்று எழுதினால் அது பொய்க் குறிப்பாகிவிடும்.

புரட்டாசியில் மாத்திரைக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போதே இருமல் வந்துவிட்டது. அன்று யாரும் சொல்லி வந்த இருமல் அல்ல. மேசையிலிருந்து அந்தச் செவிலியரின் கை நீண்டு மரத்தடியைக் காட்டியது. ஒரு தட்டில் கவசம் வைத்து முன்னால் தள்ளினார். கண்கள் மட்டும் தெரிந்தன. நான் அதை எடுத்துக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அங்கே வேறு யாரும் இல்லை. மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி இருந்த இடத்தில் கைகழுவும் திரவப் பெட்டி இருந்தது. கம்பெனி வேன் வந்து, வரிசையில் பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு போனது.

அவர் வேலையை நிறுத்தாமல், கவசத்துக்குள்ளிருந்தே, வரிசை முழுக்கக் கேட்கும்படி சத்தம் கொடுத்தார்.

“அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?”

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பிட்டேன் என்று கையை உயர்த்திக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். கவசம் மூக்கின் மேல் சரியாகப் பொருந்தியிருந்தது. அதைத்தான் நான் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு எம். புதுப்பட்டிக்குப் போய், காது கேளாத அந்த அம்மாளைத் தேடினேன். ஒரு டீக்கடையில் விசாரித்ததில், அப்படி ஒருவர் இருந்தார், மகள் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். மகளின் ஊர் எது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லை. அவர் ஆள் மாறாமல் என் மனைவியைத்தான் சொன்னாரா, ஆமென்றால் அவள் கவசத்தை இறக்கிப் பேசியது நோய்க்கு முந்தின நாள்களிலா வேறு எப்போதோவா என்பதை இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.